எல்லையோரத் தமிழ் வகுப்புக்குத் தேவை ஒரு பக்கத்துப் பள்ளி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி, முதலமடை எனச் சித்தூர் தாலுகாவின் பஞ்சாயத்துகள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவர்களில் கணிசமானோர் இந்தப் பகுதியிலும் இடுக்கி மாவட்டத்தின் தோட்டங்களிலும் வாழ்கிறார்கள். இங்கே அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் எய்டெட் பள்ளிகளிலும் தமிழ்வழி வகுப்புகள் நடக்கின்றன, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்; அதற்கான பாடநூல்களைக் கேரள அரசே தமிழில் அச்சிட்டுத் தருகிறது. இவ்வளவும் இருந்தும், இந்த வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் மாநிலத்தின் மற்றப் பிள்ளைகளைக் காட்டிலும் குறைவாகவே பெறுகிறார்கள் என்பதை இங்கே ஆசிரியராக இருக்கும் நான் நாள்தோறும் பார்க்கிறேன். இந்தக் குறையைத் தனிப் பள்ளி ஒன்றால் எத்தனை முயன்றாலும் தீர்க்க முடியாது, அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்தால் பெரும்பகுதியைத் தீர்க்கலாம் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

குறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேரளத்தின் பொதுக் கல்வி கட்டடத்திலும் கருவிகளிலும் பின்தங்கியதல்ல. எங்கள் வகுப்பறைகளில் புரொஜெக்டர் இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசின் கைட் நிறுவனம் நடத்தும் சமக்ரா என்ற பாடவள இணையதளம் இருக்கிறது. ஆனால் மலையாளவழி ஆசிரியர் ஒருவருக்கு ஒரு பாடத்தில் ஐயம் வந்தால், அதே உபஜில்லாவில் (கல்வித் துறையின் உள்மாவட்டத்தில்) அதே பாடத்தை அதே மொழியில் நடத்தும் நூறு பேரில் யாரையாவது கேட்டுவிடலாம். தமிழ்வழி ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. ஏழாம் வகுப்புக்குத் தமிழில் அறிவியல் நடத்துபவர் அந்தப் பள்ளியில் ஒருவர்தான். பெரும்பாலும் அவரே கணக்கும் நடத்துவார். பல பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் சனிக்கிழமை கிளஸ்டர் கூட்டத்துக்குப் போனால் பயிற்சி மலையாளத்தில் நடக்கும்; செயல்பாட்டுத் தாள்களும் மலையாளத்தில் இருக்கும்; அவற்றை இரவில் உட்கார்ந்து தமிழாக்கித் திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோவது அவர் பாடு. அந்தத் தமிழாக்கம் சரியா என்று பார்த்துச் சொல்ல இன்னொருவர் இல்லை. எட்டு மைல் தள்ளி இன்னொரு பள்ளியில் இன்னோர் ஆசிரியர் அதே இரவில் அதே தாளைத் தனியாகத் தமிழாக்கிக்கொண்டிருப்பார். ஆசிரியரின் இந்தத் தனிமைதான் பிள்ளையின் இழப்பாக மாறுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்ட 1956 ஆம் ஆண்டிலேயே, ஏழாவது திருத்தத்தின் வழியாக அது சேர்க்கப்பட்டது. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுதும் உரிமையைத் தந்திருக்கிறது. வகுப்பறையைத் திறந்து வைப்பதற்கு இவை போதும். அந்த வகுப்பறைக்குள் மற்ற வகுப்பறைகளில் கிடைப்பதெல்லாம் கிடைக்க இவை போதவில்லை.

பள்ளிகளை இணைக்கும் திட்டங்கள் முன்பும் வந்ததுண்டு. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் பள்ளிப் பரிமாற்றத்துக்கு இடமுண்டு. தமிழ்நாட்டிலும் கிராமப் பள்ளி மாணவர்கள் நகரப் பள்ளிக்குப் போய்வரும் பரிமாற்ற நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. பிள்ளைகள் பேருந்தில் ஏறிப் போய், வேறொரு பள்ளியின் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் பார்த்து, கலைநிகழ்ச்சி ஒன்றில் கலந்து, சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். அது நல்ல நாள்தான். பிள்ளைகள் அதை நெடுநாள் பேசுவார்கள். ஆனால் மறுவாரம் வகுப்பறையில் எதுவும் மாறியிருக்காது. பெரிய பள்ளி தன் பழைய மேசைகளையும் பெஞ்சுகளையும் சிறிய பள்ளிக்குக் கொடுத்து, அதைப் புகைப்படம் எடுத்து மாட்டுவதையும் நான் கூட்டுறவாகக் கருதவில்லை. கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவராகவும் வாங்குபவர் எப்போதும் வாங்குபவராகவும் இருக்கும் உறவில், சிறிய பள்ளியின் ஆசிரியர் தன் வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை வாய்திறந்து சொல்லமாட்டார்.

எங்கள் பகுதியில் மூன்று பள்ளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒன்று நான் பணிபுரியும், தமிழும் மலையாளமும் ஒரே வளாகத்தில் நடக்கும் அரசு யு.பி. (மேல்தொடக்கப்) பள்ளி. இன்னொன்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் சிறிய எல்.பி. (கீழ்த்தொடக்கப்) பள்ளி; அங்கே நான்கு வகுப்புகளும் தமிழ்வழிதான். மூன்றாவது எய்டெட் உயர்நிலைப் பள்ளி. எல்.பி. பள்ளிப் பிள்ளைகள் நான்காம் வகுப்பு முடித்து எங்களிடம் வருகிறார்கள்; எங்களிடமிருந்து எட்டாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அதாவது, ஒரே பிள்ளையை மூன்று பள்ளிகள் அடுத்தடுத்து வளர்க்கின்றன. அப்படியிருந்தும் மூன்று பள்ளி ஆசிரியர்களும் கல்யாண வீட்டிலோ, உபஜில்லா கலைவிழாவான கலோற்சவத்திலோதான் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்வோம்.

சேர்ந்து உட்கார முடிவானதும் நாங்கள் முதலில் பேசியது பாடத்தைப் பற்றியல்ல, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றி. கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது பணி நாளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டின் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயமாகும். பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போய்விடும். டிவிஷன் போனால் ஓர் ஆசிரியரின் வேலைக்கே ஆபத்து. ஆகவே ஏப்ரலும் மே மாதமும் வந்துவிட்டால் எல்லாப் பள்ளிகளும் வீடுவீடாகப் பிள்ளை சேர்க்கப் புறப்பட்டுவிடும். ஒரே தெருவில் ஒரே பிள்ளைக்காகப் போட்டியிடும் பள்ளிகள் தங்கள் வகுப்பறைக் கதவை ஒன்றுக்கொன்று திறந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் மூன்று தலைமையாசிரியர்களும் முதல் கூட்டத்திலேயே ஒன்றைத் தீர்த்துக்கொண்டார்கள்: இந்த ஏற்பாட்டின் மூலம் பழகிய எந்தப் பிள்ளையையும், அவர் படிக்கும் பள்ளியின் கடைசி வகுப்பை முடிக்கும் முன், மற்றப் பள்ளி டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்டு அழைக்கக் கூடாது. பெற்றோர்–ஆசிரியர் சங்கக் (பி.டி.ஏ.) கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, “டீச்சரம்மா, பையன அங்க கூட்டீட்டுப் போயி அங்கயே சேத்திருவீங்களா?” என்று கேட்டபோது, அந்த வாக்குறுதியை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல முடிந்தது. பள்ளிகளின் கூட்டுறவைப் பற்றிய அறிக்கைகள் எதிலும் இந்தப் பயம் பேசப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இது தீராமல் வேறெதுவும் தொடங்காது.

அதன் பிறகு பாடத்துக்கு வந்தோம். யாரும் உரை நிகழ்த்தவில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பின் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்து அடுத்த பள்ளி ஆசிரியரிடம் கொடுத்தார். நான்காம் வகுப்பு நோட்டுகளில் 403 இலிருந்து 178 ஐக் கழிக்கும் கணக்கு இருந்தது. விடை 225, பல பிள்ளைகள் 375 என்று எழுதியிருந்தார்கள். இடத்துக்கு இடம் பார்த்து, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறார்கள்: எட்டிலிருந்து மூன்று போக ஐந்து, ஏழிலிருந்து பூஜ்யம் போக ஏழு, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. அடுத்த பள்ளியின் ஐந்தாம் வகுப்பு நோட்டிலும் அதே தவறு, அதே வடிவத்தில் இருந்தது. தன் வகுப்புப் பிள்ளைகள் கவனக்குறைவானவர்கள் என்று நினைத்து வருந்திக்கொண்டிருந்த ஆசிரியருக்கு, நடுவில் பூஜ்யம் வரும்போது பத்துகளை எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில்தான் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் இடறுகிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

தீர்வும் அந்த மேசையிலேயே கிடைத்தது. எல்.பி. பள்ளி ஆசிரியை தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறு கட்டாகக் கட்டி வைத்திருந்தார். 403 என்றால் நான்கு பெரிய கட்டுகளும் மூன்று தனி ஈர்க்குகளும். பத்துக் கட்டு ஒன்றுகூட இல்லை. எட்டு ஈர்க்கைக் கொடு என்றால் பிள்ளை முதலில் பெரிய கட்டு ஒன்றை அவிழ்க்க வேண்டும். உள்ளே பத்துச் சிறு கட்டுகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை மறுபடி அவிழ்த்தால்தான் தனி ஈர்க்குகள் கையில் வரும். இரண்டு முறை அவிழ்க்க வேண்டியிருக்கிறது என்பதைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால், தாளில் பூஜ்யத்தைத் தாண்டும்போது பிள்ளை தயங்குவதில்லை. எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் இருந்தது. அந்த ஈர்க்குக் கட்டு இல்லை. அதைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள் நாங்கள், கற்றுக்கொடுத்தது மாணவர் எண்ணிக்கையில் மிகச் சிறிய பள்ளி. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

உயர்நிலைப் பள்ளியின் பங்கு ஆய்வகம். அங்கே இருக்கும் நுண்ணோக்கிகள் வாரத்தில் பெரும்பாலான நேரம் அலமாரியில் இருந்தன. இப்போது எல்.பி. பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில், ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழி மாணவிகள் அவற்றை எடுத்து வைத்து, வெங்காயத்தின் உட்தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் விரித்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம் விட்டு, கவர் ஸ்லிப்பைக் காற்றுக்குமிழி புகாமல் சாய்த்து மூடிக் காட்டுகிறார்கள். ஒரு சிறுவன் அதில் தெரிந்த செல்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, இது வெங்காயத்துல மட்டுந்தானா, நம்ம தோலுலயும் இருக்குமா?” என்று கேட்டான். அந்த மாணவி ஆசிரியரைப் பார்க்கவில்லை. பல்குத்தும் குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, மெத்திலீன் புளூ விட்டு, அடுத்த தகட்டைத் தயாரித்துக் காட்டினாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் மதிப்பெண் நடுத்தரம்தான். தமிழில் அறிவியல் பேசத் தெரிந்த மூத்த ஒருத்தியாக இன்னொரு பிள்ளை முன் நிற்கும் வாய்ப்பு அவளுக்கு அதற்கு முன் வந்ததேயில்லை. அந்தச் சிறுவனுக்கோ, தன் மொழியில் படித்து மேல்வகுப்புக்குப் போன ஒருவரை அத்தனை அருகில் பார்த்தது அதுவே முதல் முறையாக இருந்திருக்கும்.

ஒரே வளாகத்துக்குள் இருக்கும் மலையாள டிவிஷனையும் மறந்துவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கற்பிக்கப்பட வேண்டும் என்று 2017 இல் கேரளம் சட்டம் இயற்றியபோது, சிறுபான்மை மொழிப் பெற்றோரிடையே கவலை எழுந்தது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மாநிலத்தில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி, அலுவலகத்தில் மனு கொடுத்து வாழப்போகும் பிள்ளைக்கு மலையாளம் வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அதைத் தமிழ்ப் பிள்ளைக்கு நன்றாகக் கற்றுக்கொடுக்கக் கூடியவர் சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் மலையாளப் பிள்ளைதான். எங்கள் பள்ளியில் இரண்டு டிவிஷன் பிள்ளைகளையும் இணை இணையாக உட்காரவைத்து, ஒருவர் மற்றவருக்குத் தன் மொழிப் பாடநூலின் ஒரு பக்கத்தை வாசித்துக்காட்டும் நேரத்தை அட்டவணையிலேயே சேர்த்திருக்கிறோம். தமிழ் டிவிஷன் என்றாலே மெதுவாகப் படிப்பவர்களின் டிவிஷன் என்று வளாகத்தில் நிலவிய எண்ணம், மலையாளப் பிள்ளைகள் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டிய பிறகு நன்றாகவே குறைந்திருக்கிறது.

இவையெல்லாம் இன்னமும் மூன்று தலைமையாசிரியர்களின் நல்ல மனதை நம்பியே நடக்கின்றன. கேரளத்தின் அதிகாரப் பரவலாக்கத்தில் அரசு எல்.பி., யு.பி. பள்ளிகள் கிராம பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தன. அரசு உயர்நிலைப் பள்ளிகள் மாவட்ட பஞ்சாயத்தின் பொறுப்பில். எய்டெட் பள்ளிக்கு மேனேஜர். ஒரு பிள்ளை அடுத்தடுத்துப் படிக்கும் பள்ளிகளுக்கு இப்படி வெவ்வேறு உடைமையாளர்கள் இருப்பதால், எல்.பி. பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வண்டிக் கூலியை யார் கணக்கில் எழுதுவது என்ற சாதாரணக் கேள்விக்குக்கூட விடை கிடைப்பதில்லை. தலைமையாசிரியர் ஒருவர் மாறுதலாகிப் போனால் ஏற்பாடே நின்றுவிடக்கூடும்.

இத்தகைய கூட்டுறவு புதிய சிந்தனையும் அல்ல. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் ஒரே தொகுப்பாகக் கருதி ஆசிரியர்களையும் கருவிகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 1964–66 கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை செயலுக்கு வராமலே போனதைச் சுட்டிக்காட்டி, 2020 தேசியக் கல்விக் கொள்கை ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவிலான பள்ளி வளாகங்களை மறுபடி முன்வைத்தது. ஆனால் இணைப்பு என்ற பெயரில் சிறிய பள்ளிகளை மூடும் ஆபத்து இதில் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 2025 இல் மாணவர் குறைந்த அரசுத் தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளோடு இணைக்க ஆணை வந்தபோது, பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தமிழ்வழிப் பள்ளிகள் இயல்பாகவே சிறியவை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவற்றை இணைத்தால், இணைந்த பள்ளியில் தமிழ்வழி வகுப்பே இராது. பாட்டி கேட்ட கேள்வி வெறும் அச்சமல்ல.

வெளிநாட்டு அனுபவங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது லண்டனில் 2003 முதல் 2011 வரை நடந்த ‘லண்டன் சேலஞ்ச்’ திட்டம். பின்தங்கிய பள்ளிகளை மூடுவதாக மிரட்டுவதைவிட, நன்றாக நடக்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை அவற்றோடு சேர்ந்து உழைக்கச் செய்வதில் அந்தத் திட்டம் பெரிதும் நம்பிக்கை வைத்தது. அங்கே பள்ளிகளை, மாணவர்களின் குடும்பச் சூழல் எப்படி என்று பார்த்து, ஒத்த பள்ளிகளைக் குழு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு, அதே அளவு ஏழைப் பிள்ளைகள் இருந்தும் நன்றாகச் செய்யும் பள்ளியே எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டது. “எங்கள் பிள்ளைகள் வேறு, உங்கள் பிள்ளைகள் வேறு” என்று சொல்லித் தப்பிக்க அதில் இடமில்லை. லண்டன் பள்ளிகளின் முன்னேற்றத்துக்கு இந்த ஒன்றுதான் காரணமா என்று ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது. ஆனால் ஒத்த நிலையில் உள்ள பள்ளிகளைச் சேர்க்கும் அந்த முறை எங்களுக்கு அப்படியே பொருந்தும். சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிக்குத் துணையாகத் திருவனந்தபுரத்தின் புகழ்பெற்ற பள்ளி தேவையில்லை. அதே வெயிலில், அதே கூலித்தொழிலாளர் பிள்ளைகளோடு, அதே மொழியில் பாடம் நடத்தும் பள்ளி வேண்டும்.

அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அவை எல்லைக்கு அந்தப்புறம், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் இருக்கின்றன. இங்கேதான் என் ஆதங்கம் பெரிது. கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் சோதனைச் சாவடியின் இரண்டு பக்கமும் ஒரே உறவுமுறை, ஒரே சந்தை, ஒரே தேர்த்திருவிழா. அந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழ் நூல்கள் இருக்கின்றன. மேல்நிலை வகுப்பு வரை தமிழ்வழி இருக்கிறது. எங்களிடம் கணினிவழிக் கற்றலும் செயல்பாட்டு முறையும் வேரூன்றியிருக்கின்றன. ஒன்றின் பற்றாக்குறையை மற்றது அப்படியே நிரப்பும். ஆயினும் அந்தப் பள்ளி ஆசிரியரை எங்கள் கிளஸ்டர் கூட்டத்துக்கு முறைப்படி அழைக்க எந்த வழியும் இல்லை.

இரண்டு மாநிலங்களாலும் சேர்ந்து செயல்பட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 இல் கையெழுத்தாகி 1958 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது; அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு வர வேண்டும். அதைக் கவனிக்க இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்த கூட்டு வாரியம் இருக்கிறது. அளவு குறைந்தால் சித்தூர் விவசாயிகள் கேட்கிறார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது. சச்சரவுகள் உண்டு, ஆனால் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருக்கிறது. அதே எல்லையை ஆண்டுதோறும் கடக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மேசை இல்லை.

அவர்கள் கடக்கிறார்கள் என்பதையும் அதன் விளைவையும் ஆசிரியர்கள் நன்கு அறிவோம். தந்தைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பொள்ளாச்சி நார் மில்லிலோ வேலை கிடைத்தால் குடும்பம் போகும். வேலை நின்றால் திரும்பும். இங்கே எல்.பி. நான்காம் வகுப்போடு முடியும், யு.பி. ஏழாம் வகுப்போடு; அங்கே தொடக்கப் பள்ளி ஐந்து வரை, நடுநிலை எட்டு வரை. இங்கே ஐந்தாம் வகுப்பில் இந்தி தொடங்கும். தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. அங்கே ஆறாம் வகுப்பு முடித்து இங்கே ஏழாம் வகுப்புக்கு வரும் பிள்ளை, ஒரே ஜூன் மாதத்தில் மலையாளத்தையும் இந்தியையும் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். உடன் படிப்பவர்கள் இந்தியில் இரண்டாண்டு முன்னே இருப்பார்கள். மாநிலம் விட்டு மாநிலம் மாறிப் படிக்கும் உரிமையை 2009 கல்வி உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழைத் தாமதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சான்றிதழ் வருகிறது. அந்தப் பிள்ளை எதைப் படித்திருக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று முந்தைய ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் சேர்ந்து வந்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தாலே போதும்.

சலுகைகளும் பிள்ளைகளை இழுக்கின்றன. தமிழ்நாட்டில் 2020 இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ இடஒதுக்கீடும், 2022 இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், அங்கே அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டவை. மிகச் சிறந்த திட்டங்கள் அவை; ஏழைக் குடும்பங்கள் அவற்றை நாடுவதில் தவறே இல்லை. எல்லையின் இந்தப் பக்கம் தமிழில் படிக்கும் அதே நிலைமையிலுள்ள பெண்பிள்ளைக்கு அதற்கு ஈடாக என்ன தரலாம் என்பதை இங்கே யோசிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மொழி ஒன்றே இந்தப் பகுதியின் ஏற்றத்தாழ்வு என்று நினைத்துவிடக் கூடாது. முதலமடை, பெருமாட்டிப் பகுதிகளில் எரவாளர் பழங்குடிக் குடும்பங்களும், சக்கிலியர் சமூகத்தாரும் வாழ்கிறார்கள். கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் நிலவிய தீண்டாமை 2017 இல் மாநிலம் முழுவதும் செய்தியானது. அந்தக் குடியிருப்புகளின் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியாக ஒரு பள்ளி சுருங்கிவிடும்போது, மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி வேறிடம் அனுப்பிவிடுகிறார்கள். பள்ளிகள் சேர்ந்து ஒரே வகுப்பாக உட்காரும் நாள்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள். அதற்காகவே அந்த நாள்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நீடிக்கும்படி வைத்திருக்கிறோம்.

இடுக்கியின் நிலை வேறு. அதைப் பற்றி அங்குள்ள ஆசிரியர்கள்தான் எழுத வேண்டும். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவே மலை இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஜீப்பில் வருகிறார்கள். நேரில் சந்திப்பதைவிட இணையவழிக் கூட்டமே அங்கே பொருந்தும். 2020 இல் பெருந்தொற்றுக்காகப் பள்ளிகள் மூடியிருக்க, ஃபர்ஸ்ட் பெல் என்ற தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கியபோது, தமிழ்வழிப் பிள்ளைகளுக்காகத் தமிழிலும் பாடங்கள் பதிவு செய்யப்பட்டன. தனித்தனியாகக் கிடந்த தமிழ்வழி ஆசிரியர்கள் ஒரே வேலையில் சேர்ந்த அரிய காலம் அது. பெருந்தொற்று முடிந்ததும் அந்தச் சேர்க்கை தளர்ந்துவிட்டது, தளரவிட்டிருக்கக் கூடாது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரும் பள்ளத்தையும் சொல்ல வேண்டும். பத்து வரை தமிழில் படித்த பிள்ளை பிளஸ் ஒன்னில் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுக்கிறது. முதல் பருவத்தில் மனம் விட்டுப்போகும் பிள்ளைகளை நான் அறிவேன். மேல்நிலை ஆசிரியர் ஒருவரும், தமிழ்வழியிலிருந்து வந்து தேறிய பிளஸ் டூ மாணவர் ஓரிருவரும், மார்ச் தேர்வுக்கும் ஜூன் சேர்க்கைக்கும் இடைப்பட்ட விடுமுறையில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களோடு சில வாரம் உட்கார்ந்தால் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. அதன் மாணவர்களில் பலர் இதே தாலுகாவின் தமிழ்வழிப் பிள்ளைகள். அவர்களையும் இதில் சேர்க்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பள்ளிகளின் கூட்டுறவு, காலியாக இருக்கும் தமிழ்வழி ஆசிரியர் பணியிடத்துக்கு மாற்றாகாது. ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் தினக்கூலி ஆசிரியரை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பள்ளியிலிருந்து யாராவது வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், இருக்கும் ஆசிரியர்களும் சோர்ந்துபோவார்கள். பணியிடத்தை நிரப்புவது அரசின் கடமை. நிரம்பிய பிறகும் அந்த ஆசிரியர் தனியாள்தான் என்பதால்தான் நாங்கள் பக்கத்துப் பள்ளியைத் தேடுகிறோம்.

வரும் கல்வியாண்டுக்கு நாங்கள் பஞ்சாயத்திடம் கேட்டிருப்பவை சிறியவை. எல்.பி. பள்ளிப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துச்செல்லும் வண்டிக் கூலியைக் கல்வித் திட்ட ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும். தமிழ்வழி ஆசிரியர்களின் கிளஸ்டர் கூட்டத்தைத் தனியாக, தமிழில், உபஜில்லா எல்லை பாராமல் நடத்த உபஜில்லாவின் கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ.வின் அலுவலகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து ஆசிரியர்கள் இதைப் படித்தால், அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது: உங்கள் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வரும்போது, அதன் கணக்கு நோட்டையும் தமிழ் நோட்டையும் பையிலேயே விட்டனுப்புங்கள். நாங்களும் அவ்வாறே செய்வோம். ஜூனில் ஆறாவது பணி நாள் கணக்கெடுப்பு முடிந்ததும் வரும் முதல் சனிக்கிழமை மூன்று பள்ளி ஆசிரியர்களும் கூடுகிறோம். இந்த முறை பின்னங்களை எடுத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். அவரவர் வகுப்பு நோட்டுகளை எல்லோரும் திருத்தாமல், பிள்ளைகள் எழுதியபடியே கொண்டுவர வேண்டும்.